தத்தெடுக்கப் போகும் கத்தோலிக்கத் தம்பதியருக்கு: நாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றவை

உவரி அந்தோணியாருக்குப் பதின்மூன்று செவ்வாய் நேர்ந்து போனோம். காமநாயக்கன்பட்டிப் பரலோக மாதாவிடம் தொட்டில் கட்டினோம். கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆனபிறகுதான் தத்தெடுக்கலாம் என்று முடிவுக்கு வந்தோம். அதன்பின் மூன்றரை வருஷம் காகிதங்களோடு போராட்டம். அதில் பாதி அலைச்சல் எங்கள் அறியாமையால் வந்தது. திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் எங்களைப் போல இருக்கிறவர்களுக்கு அந்தப் பாதியாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் வீட்டுக்குள் பேசி முடியுங்கள்

சோதனைக் குழாய் சிகிச்சைக்குப் போகச் சொல்லி எங்களிடம் சொல்லாதவர்கள் குறைவு. திருச்சபை அதை ஏற்பதில்லை. 1987இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுரையில் இது தெளிவாக இருக்கிறது. காரணம் இரண்டு: பிள்ளைப்பேறு கணவன் மனைவி உறவிலிருந்து பிரிந்து ஆய்வகத்துக்குப் போய்விடுகிறது, உண்டாக்கிய கருக்களில் பலவற்றை உறைய வைக்கிறார்கள், கழிக்கிறார்கள். கரு உண்டான நொடியிலிருந்தே அது ஒரு மனித உயிர் என்று நம்புகிறவர்களால் இரண்டாவதைத் தாண்டிப் போக முடியாது. நாங்கள் போகவில்லை. அதற்காகப் போனவர்களைக் குறை சொல்லவும் இல்லை; அப்படிப் பிறந்த பிள்ளையும் கடவுளின் பிள்ளைதான், திருச்சபையும் அப்படித்தான் சொல்கிறது. பிள்ளையில்லாத தம்பதியருக்குத் தத்தெடுத்தலை மறைக்கல்வி நூலின் 2379ஆம் எண் ஒரு நல்ல வழியாகக் காட்டுகிறது. உங்கள் பங்குச் சாமியாரிடம் பேசும்போது அந்த எண்ணைச் சொல்லுங்கள், பேச்சு சீக்கிரம் முடியும்.

சாமியாரைவிட வீட்டில் பேசுவதுதான் கஷ்டம். "யார் பெத்த பிள்ளையோ, ரத்தம் தெரியாம எப்படிளா வளக்க?" என்று என் மாமியார் கேட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை. என் வீட்டுக்காரர் சுவரில் மாட்டியிருந்த திருக்குடும்பப் படத்தைக் காட்டி, "சூசையப்பருக்கு மட்டும் ரத்தமாம்மா?" என்றார். அத்தை அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து, "பொம்பளப் பிள்ளையா கேளுங்க" என்றார்கள்.

இந்தப் பேச்சைத் தள்ளிப் போடாதீர்கள். பின்னால் ஒரு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பெரியவர்களிடம் தனியாகப் பேசுவார். அப்போது அவர்கள் முகம் சுளித்தால் அறிக்கையிலும் அது ஏறும்.

2. உங்களுக்குத் தகுதி இருக்கிறதா, பாருங்கள்

கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருக்க வேண்டும். கணவன், மனைவி இருவரும் சம்மதிக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால், சிறப்புக் கவனிப்புத் தேவைப்படும் குழந்தைகளும் எளிதில் வீடு கிடைக்காத குழந்தைகளும்தான் கிடைப்பார்கள். உறவுக்குள் எடுப்பதற்கு விதி வேறு.

எல்லாரும் இடறுவது வயதுக் கணக்கில்தான். இருவர் வயதையும் கூட்டிப் பார்ப்பார்கள். இரண்டு வயதுக்குள் குழந்தை வேண்டுமானால் கூட்டுத்தொகை 85ஐத் தாண்டக் கூடாது. இரண்டிலிருந்து நான்கு வரை 90, நான்கிலிருந்து எட்டு வரை 100, எட்டிலிருந்து பதினெட்டு வரை 110. தனியாக எடுப்பவருக்கு இதே வரிசையில் 40, 45, 50, 55. ஆண் தனியாகப் பெண் குழந்தையை எடுக்க முடியாது. குழந்தைக்கும் உங்களுக்கும் குறைந்தது 25 வயது வித்தியாசம் வேண்டும். தத்தெடுக்க அரசு இணையதளத்தில் பதிவு செய்த நாளின் வயதுதான் கணக்கு. அதனால் "அடுத்த ஆடிக்குப் பார்ப்போம், அந்தோணியார் திருவிழா கழியட்டும்" என்று இழுக்காதீர்கள். நாங்கள் இழுத்தோம், 72ஆக இருந்தது 74 ஆனபிறகுதான் பதிந்தோம்.

"கிறிஸ்தவனுக்குத் தத்தெடுக்கச் சட்டம் கிடையாது" என்று ஊரில் இன்னும் சொல்வார்கள். அது பழைய கதை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் எல்லா மதத்தவருக்கும் பொருந்தும். அதன்படி வரும் குழந்தைக்குப் பெற்ற பிள்ளைக்குரிய உரிமைகள் எல்லாம் உண்டு. திருச்சபைச் சட்டத்தின் 110ஆவது விதியும், நாட்டுச் சட்டப்படி தத்தெடுத்த பிள்ளையைத் தத்தெடுத்தவரின் பிள்ளையாகவே கொள்கிறது.

3. குறுக்கு வழி காட்டுகிறவர்களிடமிருந்து ஓடுங்கள்

பதிவு செய்த இரண்டாம் வாரமே ஒருவர் வந்தார். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை. "கல்யாணமாகாத பொண்ணு, அடுத்த மாசம் பிரசவம். நேரா கைல வாங்கிரலாம், பிறப்புச் சான்றிதழே உங்க பேர்ல போட்டுரலாம்" என்றார். கேட்ட தொகை மூன்று லட்சம். "பிள்ளையக் கலைக்காம காப்பாத்துறோம்லா, புண்ணியம்தானே" என்று கூடவே சொன்னார். அந்த வார்த்தையில் எனக்கு ஒரு நிமிஷம் சபலம் தட்டியது உண்மை.

சட்டம் சொல்வதைக் கேளுங்கள். முறைப்படி இல்லாமல் குழந்தையைக் கொடுப்பதும் வாங்குவதும் அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 80ஆவது பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறையோ, ஒரு லட்சம் அபராதமோ, இரண்டுமோ. காசு கைமாறினால் 81ஆவது பிரிவில் ஐந்து வருஷம் வரை கடுங்காவல். மாட்டினால் குழந்தையை எடுத்துக்கொண்டு போவார்கள். அதுவரை அம்மா என்று கூப்பிட்டுப் பழகிய பிள்ளை. அந்தப் பெண்ணை உண்மையிலேயே காப்பாற்ற நினைத்தால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. ஒன்பதாவது தலைப்பில் சொல்கிறேன்.

கன்னியர் மடத்தில் நேரே போய்க் கேட்டால் தருவார்கள் என்பதும் பழைய நினைப்பு. இப்போது சபை நடத்தும் இல்லமானாலும் அரசு அங்கீகரித்த சிறப்புத் தத்துவள மையமாக, அதாவது தத்துக் கொடுக்க அனுமதி பெற்ற இல்லமாக, இருக்க வேண்டும். குழந்தையும் இணையதள வரிசைப்படிதான் வரும்.

4. காகிதங்களைச் சேருங்கள், எழுத்துக் கூட்டிச் சேருங்கள்

எங்களிடம் கேட்டவை: இருவரும் சேர்ந்து எடுத்த புகைப்படம், பான் அட்டை, பிறந்த தேதிக்கு ஆதாரம், ஆதார் அல்லது வேறு முகவரிச் சான்று, போன வருஷத்து வருமானச் சான்று அல்லது வருமான வரித் தாக்கல், தீராத நோயோ தொற்றுநோயோ இல்லை என்ற மருத்துவச் சான்று, திருமணச் சான்றிதழ், தெரிந்தவர் இருவரின் பரிந்துரைக் கடிதம். ஐந்து வயதுக்கு மேல் பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையின் சம்மதமும் கேட்பார்கள்.

நாங்கள் விழுந்த குழி பெயர். நம் ஊர்க் கத்தோலிக்கர்களில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். ஞானஸ்நானப் புத்தகத்தில் மிக்கேல், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மைக்கேல், ஆதாரில் மைக்கேலோடு அப்பா பெயரும் ஒட்டிக்கொண்டு வரும். பெண்களுக்கு 'மரிய' ஓரிடத்தில் இருக்கும், ஓரிடத்தில் இருக்காது. கோயிலில் கொடுத்த கல்யாணச் சான்றிதழில் என் வீட்டுக்காரர் பெயர் ஒரு மாதிரி, பான் அட்டையில் வேறு மாதிரி. கம்ப்யூட்டர் சென்டரில் அப்படியே ஏற்றிவிட்டோம். பெயர் ஒத்துப் போகவில்லை என்று திரும்பி வந்தது.

ஆகவே பதிவுக்கு முன்பே எல்லாக் காகிதங்களையும் மேசையில் பரப்பி, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஆதாரைத் திருத்த முடிந்தால் திருத்துங்கள். முடியாத இடத்தில் இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி வையுங்கள். கோயிலில் தருவதோடு நிற்காமல், திருமணம் பதிவுத் துறையில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து அங்கிருந்தும் நகல் வாங்குங்கள்.

5. பதிவு

காராவின் இணையதளத்தில்தான் பதிய வேண்டும். தத்தெடுப்புக்கென்று இந்தியா முழுமைக்குமான மத்திய அரசு அமைப்பு அதுதான். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. "ஆயிரம் ரூபாய் தாருங்கள், நாங்கள் பதிந்து தருகிறோம்" என்பவரை விட்டுவிடுங்கள். கை வராவிட்டால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நேரே போகலாம்.

பதிந்த 30 நாளுக்குள் காகிதங்களை ஏற்ற வேண்டும். குழந்தையின் வயது, ஆணா பெண்ணா, எந்த மாநிலம், உடல்நிலை பற்றி உங்கள் விருப்பத்தைக் கேட்பார்கள். சாதி, மதம் கேட்க இடமே இல்லை. அது இல்லாததே நல்லது.

அலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும். சென்டர்க்காரரின் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டுக் கடவுச்சொல்லுக்கு அவர் கடைவாசலில் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

6. வீட்டுக்கு வந்து பார்ப்பது

காகிதம் ஏற்றிய 60 நாளுக்குள் இல்ல ஆய்வறிக்கை முடிய வேண்டும் என்பது விதி. கட்டணம் 6,000 ரூபாய். ரசீது கேட்டு வாங்குங்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்த அம்மா வெள்ளையடித்த சுவரைப் பார்க்கவே இல்லை. நேரே அடுப்படிக்குப் போனார், கிணற்றுக்கு மூடி இருக்கிறதா என்று பார்த்தார், அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பியைக் குடித்துக்கொண்டே கேள்வி கேட்டார். நான் வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? நாங்கள் இருவரும் இல்லாமல் போனால் யார் பொறுப்பு? தத்தெடுத்த பிள்ளை என்பதை எந்த வயதில் சொல்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு நான் "சொல்லமாட்டோம்" என்றேன். பேனாவை மூடிவிட்டு அரைமணி நேரம் எனக்கு விளக்கினார். அவர் சொன்னது சரி. ஊரில் யாரோ ஒருவர் ஒருநாள் சொல்லத்தான் போகிறார்; அதற்கு முன் உங்கள் வாயால் கேட்பது பிள்ளைக்கு நல்லது.

இந்த அறிக்கை மூன்று வருஷத்துக்குத்தான் செல்லும். எங்களுடையது 2022 ஏப்ரலில் முடிந்தது. 2025 ஏப்ரலில் காலாவதி ஆனதை நாங்கள் கவனிக்கவில்லை. யாரும் நினைவூட்டவும் இல்லை. மே கடைசியில் வேறொன்றுக்காக உள்ளே போனபோதுதான் தெரிந்தது. ஓடிப்போய்ப் புதுப்பிக்க ஐந்து வாரம் ஆனது. காலண்டரில் இரண்டே முக்கால் வருஷம் தள்ளி ஒரு சிவப்பு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

7. காத்திருப்பு, அப்புறம் 48 மணி நேரம்

சின்னக் குழந்தைக்கு மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும் என்று மனதைத் தயார் செய்யுங்கள். பெரிய பிள்ளைகளுக்கும் சிறப்புக் கவனிப்புத் தேவைப்படும் பிள்ளைகளுக்கும் வரிசை இவ்வளவு நீளமில்லை. இதைச் செபித்து யோசிக்கச் சொல்வேன், வற்புறுத்தமாட்டேன்.

முறை வந்ததும் குழந்தையின் புகைப்படம், குழந்தை பற்றிய அறிக்கை, மருத்துவ அறிக்கை மூன்றும் இணையதளத்தில் வரும். அந்தக் குழந்தை உங்களுக்கு வேண்டுமென்றால், 48 மணி நேரத்துக்குள் உங்களுக்கென்று 'ஒதுக்கு' (Reserve) என்று அழுத்த வேண்டும். எங்களுக்கு வந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். தெரிந்த குழந்தை மருத்துவர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் ஞாயிறு பூசை முடிந்ததும் அறிக்கையைக் காட்ட முடிந்தது. நீங்களும் இப்போதே ஒருவரிடம் சொல்லி வையுங்கள். ஒதுக்கியபின் மையத்துக்கு நேரில் போய்ப் பிள்ளையைப் பார்த்து, வேண்டுமானால் உங்கள் மருத்துவரைக் கொண்டு பரிசோதித்து, ஏற்கிறீர்களா என்று சொல்ல 30 நாள் உண்டு.

ஏற்றுக்கொண்டால் குழந்தைப் பராமரிப்பு நிதி 50,000 ரூபாய். பின்னால் பார்க்க வரும் ஒவ்வொரு முறைக்கும் 2,000. இதற்கு மேல் யார் எதைக் கேட்டாலும், 'நன்கொடை' என்று கேட்டாலும், கொடுக்க வேண்டியதில்லை. கட்டணப் பட்டியல் காரா இணையதளத்திலேயே இருக்கிறது. ஒரு நகல் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். வண்டிச் செலவு, தங்கும் செலவு எங்களுக்குத் தனியாகப் பதினோராயிரம் ஆனது.

8. ஆணை வரும்வரை

உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டதும் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவரலாம். ஆனால் சட்டப்படி அப்போது அது தத்து ஆணைக்கு முந்திய தற்காலிக வளர்ப்புப் பராமரிப்புதான். தத்து ஆணையை 2022 செப்டம்பர் முதல் நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியர் தருகிறார். எங்கள் மாவட்டத்துக் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு இரண்டு தடவை போய் நின்றுவிட்டு வந்தோம். பிறகுதான் தெரிந்தது, பிள்ளையைத் தந்த மையம் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த மாவட்ட ஆட்சியர்தான் ஆணை தருவார் என்று. மனுவை மையம் தாக்கல் செய்யும். இரண்டு மாதத்துக்குள் ஆணை வர வேண்டும். வந்ததும் உங்கள் பெயர்களைப் பெற்றோராகப் போட்ட பிறப்புச் சான்றிதழுக்கு மையம் ஏற்பாடு செய்யும்.

ஞானஸ்நானத்துக்கு நாங்கள் பிள்ளை வந்த வாரமே தேதி கேட்டோம். சாமியார், "ஆணை வரட்டும், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் ராத்திரியானாலும் கூப்பிடுங்கள்" என்றார். காத்திருந்தது நல்லதாகப் போனது. புத்தகத்தில் எங்கள் பெயர்களைப் பெற்றோர் இடத்தில் எழுத அவருக்கு ஆணையும் பிறப்புச் சான்றிதழும் தேவைப்பட்டன. தத்துப் பிள்ளைகளின் பதிவுக்குத் திருச்சபைச் சட்டத்தில் 877ஆவது விதி இருக்கிறது. பிள்ளைக்கு ஏற்கெனவே ஞானஸ்நானம் ஆனதா என்று மையத்தில் கேட்டுக்கொண்டு போங்கள். விசாரித்தும் சந்தேகம் தீராவிட்டால் நிபந்தனையோடு கொடுப்பார்கள்.

ஞானத்தாய், ஞானத்தகப்பன் கத்தோலிக்கராக, உறுதிபூசுதல் பெற்றவராக, 16 வயது முடிந்தவராக இருக்க வேண்டும். பாளையங்கோட்டைப் பக்கம் பாதிச் சொந்தம் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டண்ட் சபையாக இருக்கும்; அவர்கள் ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோரோடு சேர்ந்து சாட்சியாக நிற்கலாம், தனியாக முடியாது. சித்தப்பாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுக் கடைசி நேரத்தில் முழிக்காதீர்கள்.

பெயர் வைக்கிற விஷயத்தில் மறுபடியும் அதே எச்சரிக்கை. பிறப்புச் சான்றிதழில் எந்தப் பெயரோ அதே எழுத்தில் கோயில் புத்தகத்திலும் இருக்கட்டும். புனிதர் பெயர் வேண்டுமென்றால் பிறப்புச் சான்றிதழிலேயே சேருங்கள். சாமியார் எழுதும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். 'மரிய'வைத் தானாகவே சேர்க்கப் போனார், நிறுத்தினேன்.

9. உங்களிடம் ஒரு கர்ப்பிணி வந்து நின்றால்

இது தத்தெடுப்பவருக்கு மட்டுமல்ல. கருக்கலைப்பு பாவம் என்று கோயிலில் கேட்டு வளர்ந்த நம்மிடம் ஒரு பெண் வந்து "வேற வழி தெரியல" என்றால், கையில் ஒரு வழி வேண்டும். அவளுக்குத் திட்டு வேண்டாம்.

முதல் தொடர்பு 1098, இலவச எண். பிரசவம் அரசு மருத்துவமனையில் ஆகட்டும். வளர்க்க முடியாது என்று அவள் முடிவு செய்தால், குழந்தைகள் நலக் குழுவின் முன் சட்டப்படி ஒப்படைக்கலாம். காசு இல்லை, வழக்கு இல்லை, அவளுடைய விவரங்கள் வெளியே வராது. கையெழுத்துப் போட்டபின் மனம் மாற 60 நாள் தருகிறார்கள். அதற்குள் வந்து பிள்ளையைத் திரும்பக் கேட்கலாம். கல்யாணமானவர்கள் என்றால் இருவரும் கையெழுத்திட வேண்டும். எழுத்து வேலைக்கே பயந்தவர்களுக்கு, பிள்ளையை அரசுத் தொட்டிலில் விட்டுப் போகும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992 முதல் இருக்கிறது. குப்பைத் தொட்டியில் போடுவது குற்றம்.

பிள்ளையை நீங்களே எடுத்துக்கொள்கிறேன் என்று மட்டும் அவளிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். மூன்றாவது தலைப்பில் சொன்ன குழி அதுதான்.

10. ஆணைக்குப் பிறகும் கொஞ்சம் வேலை

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்று இரண்டு வருஷம் பார்க்க வருவார்கள். பயப்பட ஒன்றுமில்லை, தடுப்பூசி அட்டையும் புகைப்படமும் தயாராக இருந்தால் போதும். எங்கள் முதல் பார்வைக்கு வந்தவரிடம் அத்தைதான் பேசினார்கள், எங்களுக்கு வாய் திறக்க வாய்ப்பே கொடுக்கவில்லை. "என் பேத்தி ராத்திரி ரெண்டு தடவ எழும்புவா, அதையும் எழுதிக்கோங்க" என்றார்கள். அவரும் எழுதிக்கொண்டார்.

ஆதார், ரேஷன் அட்டை, வாரிசு விவரங்கள் எல்லாவற்றிலும் பெயரைச் சேருங்கள். தத்து ஆணையின் மூலப் பிரதியை லேமினேட் செய்யாதீர்கள், சான்றொப்பம் வாங்கப் போகும்போது தொல்லை. ஐந்து நகல் எடுத்து ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். எங்களுடையது என் மைனி வீட்டு பீரோவில், அவள் கல்யாணப் பட்டுக்கு அடியில் இருக்கிறது.